அக்காவுக்குப் புற்றுநோய் என்றால் தங்கைக்கும் பரிசோதனை வேண்டுமா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவை. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பின்னர் அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் தங்கள் உடல் குறித்து என்ன செய்ய வேண்டும் என்று அவை கேட்கின்றன. எனவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எனது அக்காவுக்குச் சென்ற ஆண்டு, அவருடைய 43ஆவது வயதில், மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை முடிந்து இப்போது மருந்து ஏற்றி வருகிறார்கள். எனக்கு 38 வயது, தங்கைக்கு 34. அம்மாவின் தங்கை ஒருவர், எங்கள் சின்னம்மா, சூலகத்தில் கட்டி வந்து காலமானவர். நாங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வோம் என்று தங்கையை அழைத்தால், “இல்லாத வருத்தத்தை ஏன் தேடிப் போக வேண்டும்” என்று கோபிக்கிறாள். அவளுடைய கணவரும் அதையே சொல்கிறார். அவளை எப்படி இணங்கச் செய்வது? – வாசகி, உவர்மலை

பதில்: உங்கள் தங்கையின் கோபத்துக்குப் பின்னால் இருப்பது பயம் என்பது உங்களுக்கே தெரியும். ஓராண்டாக அக்காவின் தலைமுடி உதிர்ந்ததையும் அவர் உண்ண முடியாமல் தவித்ததையும் அருகிலிருந்து பார்த்த ஒருவருக்குப் பரிசோதனை என்ற சொல்லே அந்தச் சிகிச்சையின் தொடக்கமாகத் தோன்றுவது இயல்பு. ஆகவே அவரை அச்சுறுத்தி அழைத்துச் செல்ல முயல வேண்டாம். “உனக்கும் வரும்” என்ற சொல் எந்த வீட்டிலும் எவரையும் கிளினிக் வரை கொண்டுவந்து சேர்த்ததில்லை. அது மட்டுமன்றி, அது உண்மையும் அல்ல. தாய், சகோதரி, மகள் ஆகியோருள் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மற்றவருக்கு அதற்கான அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது சரியே. ஆயினும் அவ்வாறு உறவில் ஒருவருக்கு நோய் கண்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் அந்த நோய் வருவதே இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே தங்கையிடம் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பயம் கூடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் அசட்டை கூடும்.

ஆனால் உங்கள் குடும்பத்தில் கவனத்துக்குரிய இன்னொரு செய்தி இருக்கிறது. அக்காவுக்கு நோய் வந்தது 50 வயதுக்கு முன்பு. சின்னம்மாவுக்கு வந்தது சூலகத்தில். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானவையே பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகின்றன. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று அழைக்கப்படும் மரபணுக்கள் 1994ஆம், 1995ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்டன. இவற்றில் மாற்றம் உள்ள குடும்பங்களில் மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் சேர்ந்து வருவதும், இளவயதில் வருவதும் வழமை. உங்கள் குடும்பம் அத்தகையது என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அக்காவுக்குச் சிகிச்சையளிக்கும் புற்றுநோய் நிபுணரிடம் கேட்டே ஆக வேண்டும். மரபணுப் பரிசோதனை தேவை என்று அவர் கருதினால், அதனை முதலில் நோயுற்றவரான அக்காவுக்கே செய்வார்கள். அவரிடம் மாற்றம் இருப்பது தெரிந்தால் மட்டுமே மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்பது தெளிவாகும். அவ்வாறு தெரியவந்தால் உங்களுக்கும் தங்கைக்கும் மட்டுமல்ல, ஆண் சகோதரர் இருந்தால் அவருக்கும் அதே மாற்றம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர் அதனைத் தம் மகளுக்குக் கொடுக்கவும் கூடும். மார்பகப் புற்றுநோய் என்றால் தாய்வழியை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; தந்தை வழியிலும் அதே கவனத்துடன் விசாரிக்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நீங்கள் இருவரும் இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. குடும்பத்தில் நோய் கண்டவரின் வயதிலிருந்து பத்து ஆண்டுகளைக் கழித்து, அந்த வயதிலிருந்து, ஆனால் 30 வயதுக்கு முன்னதாக அல்லாமல், ஆண்டுதோறும் கண்காணிப்பைத் தொடங்குவது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அக்காவுக்கு 43 என்றால் உங்களுக்கு 33. நீங்களும் தங்கையும் அந்த வயதைக் கடந்துவிட்டீர்கள். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மெமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படத்தில் சிறு கட்டிகள் மறைந்துவிடக்கூடும். அதனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும், அபாயம் மிக அதிகம் என்று உறுதியானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கானும் சேர்க்கப்படுகின்றன. எது உங்களுக்குப் பொருத்தம் என்பதைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் கேட்டறியலாம். அதற்கும் முன்னதாக, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் செல்லலாம். 1996ஆம் ஆண்டு முதல் நாட்டில் நடைபெற்று வரும் இந்தக் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம். எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் வீட்டுக்கு வந்து போகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலே போதும்.

இனித் தங்கையை இணங்கச் செய்வது பற்றி. கிளினிக் வாசலில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. நோயாளியுடன் மகளோ தங்கையோ வருகிறார். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்திருக்கிறார். மருந்தின் பெயர், அடுத்த திகதி, இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறார். மாதக்கணக்கில் வந்து போன பின்னரும், “நான் இவருடைய கூடப்பிறந்தவள், எனக்கு ஏதாவது பார்க்க வேண்டுமா” என்று ஒருமுறையேனும் வைத்தியரிடம் கேட்டிருக்க மாட்டார். தம்மைப் பற்றிப் பேசுவது அந்த இடத்தில் சுயநலம் என்று எண்ணி அவர் ஒதுங்கி நிற்கிறார். எங்களில் பலரும் நோயாளியின் கோப்பைப் பார்க்கும் அவசரத்தில், பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அது வைத்தியத் துறை திருத்திக்கொள்ள வேண்டிய குறை என்பதே எனது எண்ணம். அதுவரை, கேட்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் அடுத்த கிளினிக் திகதியில் தங்கையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் பரிசோதனை என்று சொல்ல வேண்டியதில்லை, அக்காவுக்குத் துணையாக வா என்று அழைத்தால் வருவார். அங்கே வைத்தியரிடம் நீங்கள் இருவரும் அவருடைய சகோதரிகள் என்பதைச் சொல்லி, சின்னம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள். உடன்பிறந்தவர் நூறு முறை சொல்வதைக் காட்டிலும், அக்காவின் உயிரைக் காத்துக்கொண்டிருக்கும் வைத்தியர் அமைதியாக ஒருமுறை சொல்வது அவரது மனத்தில் நிற்கும்.

அதனினும் வலிமையானது அக்காவின் வாய்ச்சொல். அவருக்கு உடல் தெம்பு உள்ள ஒரு நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில், தங்கையிடம் அவரே பேசட்டும். தமது கட்டியை முதலில் எப்படி உணர்ந்தார், எத்தனை நாள் சொல்லாமல் இருந்தார் என்பதை அவர் சொல்லக் கேட்பது வேறு. தங்கையின் கணவரிடமும் பேசுங்கள். புற்றுநோய் மார்பகத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும். பின்னர் “என்றாவது ஒருநாள் போவோம்” என்று விட்டுவிடாமல், நாளைக் குறித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளையும் ஏற்பாடு செய்து, நீங்களும் தங்கையும் ஒன்றாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் தாம் செய்துகொள்ளாமல் மற்றவரை மட்டும் அனுப்புவது எடுபடாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய பயம் உள்ள குடும்பங்கள், புற்றுநோய் இருக்கிறதா என்று “ஒரே இரத்தப் பரிசோதனையில்” பார்த்துவிட விரும்பிப் பணத்தைச் செலவிடுகின்றன. சி.ஏ. 125, சி.இ.ஏ. போன்ற பரிசோதனைகள் சிகிச்சை பெறுபவர்களைக் கண்காணிக்கப் பயன்படுபவை. நலமாக இருப்பவரிடம் அவை புற்றுநோய் இல்லாதபோதும் கூடிக் காட்டும், இருக்கும்போதும் சாதாரணமாகக் காட்டும். அவற்றை நம்பி நிம்மதியடையவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

கேள்வி: எனது வாப்பா 48 வயதில் “வயிற்றில் புற்று” என்று சொல்லி மௌத்தாகிவிட்டார். 2006 இடம்பெயர்வில் வீட்டில் இருந்த கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. இப்போது மூத்த நானாவுக்கு 45 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்று சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். எனக்கு 39 வயது, எந்த வருத்தமும் இல்லை. ராத்தா ஒருவரும் இருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – வாசகர், மூதூர்

பதில்: நீங்கள் எழுதியது மிக நல்லது, ஏனெனில் புற்றுநோய் வருமுன்னரே தடுக்கக்கூடிய ஓர் இடம் பெருங்குடல். அங்கே தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை முதலில் பொலிப் எனப்படும் சிறு தசை வளர்ச்சியாகத் தொடங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுத்தே புற்றாக மாறுகின்றன. கொலனோஸ்கோப்பி செய்யும்போது கமராவுடன் கூடிய மெல்லிய குழாயினூடாக அந்தப் பொலிப்பைக் கண்டு, அந்த வேளையிலேயே அகற்றிவிட முடியும். நோயைத் தேடிப் போவதாக எண்ணுபவர்களுக்கு இதையே சொல்லுங்கள்: இந்தப் பரிசோதனை நோய் தொடங்குமுன் அதன் வித்தை எடுத்துவிடுகிறது.

தாய், தந்தை அல்லது உடன்பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். நானாவின் 45இலிருந்து பத்தைக் கழித்தால் 35. உங்களுக்கு அந்த வயது கடந்து நான்கு ஆண்டுகளாகின்றன. உங்களுக்கும் ராத்தாவுக்கும் வருத்தம் இல்லாமல் இருப்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது.

வாப்பாவின் நோயைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “வயிற்றுப் புற்று” என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது இரைப்பையாகவும் இருக்கலாம், ஈரலாகவும் இருக்கலாம், குடலாகவும் இருக்கலாம். மலத்துடன் இரத்தம் போனதா, குடலை வெளியே எடுத்துப் பை வைத்தார்களா, எந்த வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது என்று கேட்டால், கடதாசி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். வாப்பாவுக்கும் குடலிலேயே இருந்ததென்றால், இரண்டு தலைமுறையில் இருவருக்கு 50 வயதுக்கு முன்னர் வந்திருக்கிறது என்றாகும். அப்போது லிஞ்ச் சின்ட்ரோம் எனப்படும் பரம்பரை நிலையை வைத்தியர் எண்ணிப் பார்ப்பார். நானாவின் சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவிலேயே அதற்கான முதற்கட்டச் சோதனையைச் செய்ய முடியும். அவருடைய டயக்னோசிஸ் கார்ட்டையும், ஹிஸ்டோலஜி எனப்படும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சென்று அதைக் கேளுங்கள். அந்த நிலை உறுதியானால் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி தேவைப்படும். அந்த நிலையில் கருப்பைப் புற்றுநோய்க்கான அபாயமும் கூடுவதால், ராத்தா மாதவிடாய்க்கு இடையிலோ மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தப்போக்கு ஏற்பட்டால் அதை வயதின் மேல் சுமத்திவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

பரிசோதனைக்கு முதல் நாள் நீராகாரம் மட்டும் எடுத்து, பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். பலருக்கும் பரிசோதனையைக் காட்டிலும் இதுவே சிரமம். நோன்பு மாதம் வருவதாயின் அதற்கு முன்போ பின்போ திகதி தரும்படி கேட்பதில் தவறில்லை.

கேள்வி: எனது அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எனக்குத் திருமணம் பேசி வந்தவர்கள் அதை அறிந்ததும் விலகிக்கொண்டார்கள். இது பரம்பரையாக வருமா? மணமான எனது அக்காவுக்கு 36 வயது. – வாசகி, சாம்பல்தீவு

பதில்: உங்களை விட்டு விலகியவர்கள் தவறான செய்தியை நம்பி விலகியிருக்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பரம்பரை நோய் அல்ல. ஏறத்தாழ எல்லாமே எச்.பி.வி. என்ற வைரசு நீண்டகாலம் உடலில் தங்குவதால் உண்டாகின்றன. அவற்றில் நூற்றுக்கு 70 அளவானவை அந்த வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளால் வருபவை. இந்தக் கண்டுபிடிப்புக்காகவே ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசு மிகமிகப் பொதுவானது. திருமண வாழ்வில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு ஏதோவொரு காலத்தில் வந்து, தானாகவே போய்விடுகிறது. எனவே அம்மாவின் நடத்தையைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ யாரும் எதையும் ஊகிக்க இடமில்லை. அவ்வாறு பேசுபவர்களிடம் இதைத் துணிந்து சொல்லுங்கள்.

அக்கா உடனே செல்ல வேண்டும். அம்மாவின் நோய்க்காக அல்ல. 35 வயதிலும் 45 வயதிலும் நம் நாட்டின் எல்லாப் பெண்களுக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் செய்யப்படும் பரிசோதனை அவருக்கு ஓராண்டு பிந்திவிட்டது. கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சில நிமிடங்களில் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவையில்லை. அம்மாவின் சகோதரிகளுக்கும் அதையே நினைவூட்டலாம். குடும்பத்தில் பாடசாலை செல்லும் பெண்பிள்ளைகள் இருந்தால், 2017 முதல் 6ஆம் தரத்தில் வழங்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசியின் இரண்டு தடவைகளையும் தவறாமல் பெறச் செய்யுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாயில் புற்று வந்து கன்னத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அண்ணாவும் நானும் கடல் தொழில். இரவில் நித்திரை வராமல் இருக்க வெற்றிலை போடுவோம். அப்பாவின் இரத்தம் என்பதால் எங்களுக்கும் வருமா? – வாசகர், திருக்கடலூர்

பதில்: உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்தவற்றுள் இரத்தத்தைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டியது வெற்றிலைப் பழக்கம்தான். இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று; புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்குடன் போட்டாலும் பாதுகாப்பில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில் உறுதிப்படுத்தியிருக்கிறது.

வாய்ப்புற்றில் உள்ள ஓர் ஆறுதல், அது வருவதற்கு முன்னர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைக் காட்டுகிறது. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, ஈறு ஆகியவற்றைப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், உறைப்பு பட்டால் எரிவு, முன்புபோல வாயைத் திறக்க முடியாமை, இவற்றில் எதைக் கண்டாலும் வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். எதையும் காணாவிட்டாலும் நீங்களும் அண்ணாவும் ஆண்டுக்கு ஒருமுறை அவரிடம் வாயைக் காட்டுவது நல்லது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரும் ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கருவியோ ஊசியோ இன்றிக் கண்ணால் பார்த்ததன் பயன் அது. பழக்கத்தை விடுவது கடினம் என்பதை அறிவேன். கடலுக்குப் போகும் இரவுகளில் மட்டுமாவது தேநீர்ப் போத்தலைக் கொண்டு சென்று தொடங்குங்கள். கரையில் விடுவது பின்னர் இலகுவாகும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 49 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறேன். எனக்கு ஒரு தங்கை மட்டக்களப்பிலும் மற்றொருவர் கனடாவிலும் இருக்கிறார்கள். சத்திரசிகிச்சை நடந்ததை மட்டும் சொன்னோம், புற்றுநோய் என்று சொல்லவில்லை. அவர்களைக் கலங்கச் செய்ய வேண்டாம் என்கிறார் கணவர். – வாசகி, பாலையூற்று

பதில்: உங்கள் கணவரின் அன்பை மதிக்கிறேன், அவரது கருத்தோடு உடன்பட முடியவில்லை. உங்கள் தங்கையரை வைத்தியர் ஒருவர் பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்பதாகும். இப்போது அவர்கள் “இல்லை” என்று சொல்வார்கள். வைத்தியரும் அதை நம்பியே முடிவெடுப்பார். உங்கள் மௌனம் அவர்களுடைய பரிசோதனையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடக்கூடும்.

நீண்ட விளக்கம் தேவையில்லை. நீங்கள் நலமாக இருக்கும் இந்த வேளையே அதற்கு ஏற்றது. “எனக்கு 49 வயதில் இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்து நன்றாக இருக்கிறேன். நீயும் என் கூடப்பிறந்தவள் என்பதால் உன் வைத்தியரிடம் இதைச் சொல்லி, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வேறு யாருக்கும் வந்ததாக உனக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்” என்று, எந்த மார்பகம் என்பதை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றி எழுதினால் போதும். அத்துடன் ஹிஸ்டோலஜி அறிக்கையைப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பிவிடுங்கள். கனடாவில் உள்ள தங்கையின் வைத்தியர் கேட்பதும் அதையே. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், மகனாயினும் மகளாயினும், அவர்களுக்கும் ஒரு பிரதி வேண்டும்.